பெயர் பஃபர்: 1024 ஏன் 512 ஆனது

கணினியைத் துவக்கும் ஃபர்ம்வேருக்கான தரம் யூஇஎஃப்ஐ; அதில் அமைப்புகளைச் சேமிக்கும் வேரியபிள்களின் பெயரை வாங்கும் பஃபருக்கு (தற்காலிக மெமரி இடம்) 1024 பைட் என்ற கணக்கு லினக்ஸ் கெர்னலில் பல வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. யூஇஎஃப்ஐ ஸ்பெக்படி பெயருக்கும் டேட்டாவுக்கும் சேர்த்தே உச்சம் 1024 பைட் என்று பக்கத்திலேயே ஒரு கமெண்ட் வேறு. இன்றைய ஸ்பெக்கில் தேடினால் அந்த வரம்பு கிடைக்காது. உண்மையான வரம்பை முடிவு செய்வது அந்தந்த ஃபர்ம்வேர்தான். அதுவும் பெயருக்கென்று தனியாக இல்லை, பெயரும் டேட்டாவும் சேர்த்து. ஆனாலும் பஃபர் பெரிதாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

நஷ்டம் இருந்தது. 2011 வாக்கில் வந்த சில ஃபர்ம்வேர்களில், போன பெயரைக் கொடுத்தால் அடுத்த வேரியபிளின் பெயரைத் தரும் கெட்நெக்ஸ்ட்வேரியபிள்நேம் அழைப்பில் 512 பைட்டுக்கு மேல் அளவு சொன்னாலே 'இன்வேலிட் பாராமீட்டர்' என்று திருப்பியடித்துவிடும். உள்ளே இருக்கும் பெயர் பத்தே எழுத்தாக இருந்தாலும் அதே பதில்தான். முதல் அழைப்பே தோற்பதால், வேரியபிள்களை ஃபைல்களாகக் காட்டும் ஈஎஃப்ஐவார்எஃப்எஸ் மவுன்ட் ஆகும், உள்ளே ஒன்றும் இருக்காது. கெர்னல் லாகில் 8000000000000002 என்ற ஸ்டேட்டஸைப் பார்த்தால் இது நினைவுக்கு வரட்டும். முன்னால் உள்ள 8 பிழை என்பதற்கான அடையாளம், கடைசி 2 தான் இன்வேலிட் பாராமீட்டர். அங்கே 5 இருந்தால் பஃபர் போதவில்லை என்று பொருள். அது வேறு கதை.

2024-ல் வந்த பேட்ச் கேட்கும் அளவை 512-ஆகக் குறைத்தது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. 512 பைட் என்பது, பெயரின் முடிவைக் குறிக்கும் நல் எழுத்தையும் சேர்த்து, 256 யூடிஎஃப்-16 யூனிட் (ஒன்றுக்கு 2 பைட்). லினக்ஸில் ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. அதிலும் ஈஎஃப்ஐவார்எஃப்எஸ் பெயருக்குப் பின்னால் ஒரு ஹைஃபனும் 36 எழுத்து ஜியூஐடியும் (அடையாள எண்) ஒட்டுவதால், லினக்ஸ் பக்கமிருந்து உருவாக்கும் பெயருக்கு மிஞ்சுவது 218 பைட். தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால், ஃபைல் பெயர் யூடிஎஃப்-8 என்பதால் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 72-தான் தேறும், அதிலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறியீடு!

எண்ணைக் குறைத்ததோடு வேலை முடியவில்லை. இந்த அழைப்புக்குக் கொடுக்கும் அளவு பைட்டில் இருக்க வேண்டும், எழுத்தில் அல்ல. 256 யூனிட் அரேக்கு 256 என்று அனுப்பினால் பாதி இடம் வீண். 256 பைட் ஒதுக்கிவிட்டு 512 என்று சொன்னால் ஃபர்ம்வேர் அதை நம்பி எழுதும், பக்கத்து மெமரி கெடும். பஃபரைப் பூஜ்யமாக்கித்தான் தொடங்க வேண்டும், காலிப் பெயர்தான் 'முதலிலிருந்து கொடு' என்பதற்கான அறிகுறி. ஒவ்வொரு சுற்றிலும் அளவை மறுபடி 512-ஆக வைக்கவும் வேண்டும். மறந்தால், போன பெயரின் நீளம் அதில் தங்கிவிடும். அதைவிட நீளமான பெயர் வந்ததும் 'பஃபர் போதவில்லை' வரும்.

திரும்பி வரும் அளவையும் நம்பாதீர்கள். வெற்றி என்று சொல்லிவிட்டு அளவை மாற்றாமலே விடும் ஃபர்ம்வேர் உண்டு. உண்மையான நீளத்தைவிடக் கூடுதலாகச் சொல்வதும் உண்டு. அதை அப்படியே எடுத்தால் பெயரின் வாலில் குப்பை ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் 2013-லிருந்து கெர்னல் நல் எழுத்தைத் தானே தேடி நீளத்தைக் கணக்கிடுகிறது, பஃபர் எல்லையைத் தாண்டாமல். அதே வருஷம்தான் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஃபர்ம்வேரைக் கண்டால் லூப்பை நிறுத்தும் சோதனையும் வந்தது.

512-ஐ மீறும் பெயர் நிஜமாகவே வந்தால்? அதை மட்டும் தாண்டிப் போக வழியில்லை. அடுத்ததைக் கேட்க இந்தப் பெயரையே கையில் கொடுக்க வேண்டும், அதுதான் நம்மிடம் இல்லை. ஆகவே இரண்டே வழி. ஒன்று, எச்சரிக்கை எழுதிவிட்டு நிறுத்துவது. கெர்னல் இதைத்தான் செய்கிறது, அதற்குப் பின்னால் உள்ள வேரியபிள்கள் கண்ணில் படாது. இன்னொன்று, ஃபர்ம்வேர் கேட்கும் அளவுக்குப் பஃபரை வளர்ப்பது. வளர்க்கிறவர்கள் பழைய பெயரைப் புதிய பஃபருக்கு நகலெடுத்தே ஆக வேண்டும். பழையதை விடுவித்துவிட்டுப் பூஜ்யமாக்கிய புதியதைக் கொடுத்தால் பட்டியல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கேட்கும் அளவுக்கு ஒரு உச்சவரம்பும் வேண்டும், அளவு விஷயத்தில் ஃபர்ம்வேர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று மேலே பார்த்தோமே. நான் நிறுத்துவதையே எடுப்பேன், ஃபர்ம்வேர் கேட்ட அளவு எச்சரிக்கையில் அச்சாகிறது என்றால்.