காசல்மேன் பாலத்தைப் புகழ்பவர்களோடு ஒரு சண்டை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கிரான்ட்ஸ்வில் ஊரருகே காசல்மேன் ஆற்றின் மேல் 1813-இல் கட்டிய கல்பாலம் ஒன்று இருக்கிறது. ஒரே வளைவு, 80 அடி நீளம். அந்நாளில் அந்த நாட்டில் அதைவிடப் பெரிய கல்வளைவுப் பாலம் இல்லை. சாரத்தைப் பிரித்ததும் இடிந்து விழும் என்று எதிர்பார்த்து ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியதாம். கட்டுமானப் பொறுப்பிலிருந்த டேவிட் ஷ்ரைவர் முந்தின இரவே முட்டுகளைத் தளர்த்திச் சோதித்துவிட்டு, மறுநாள் வளைவுக்கு நேர் கீழே போய் நின்றாராம்.

பாலத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்தக் கதைதான். எனக்கு அலுத்துவிட்டது. பாலம் எந்தச் சாலைக்காகக் கட்டப்பட்டதோ, அதன் கதை இதைவிடச் சுவையானது.

அலெகெனி மலைகளைத் தாண்டி மேற்கே போக, மத்திய அரசின் பணத்தில் போட்ட முதல் பெரிய நெடுஞ்சாலை அது; பெயர் தேசிய சாலை (National Road). 1806-இல் அதற்கான சட்டத்தில் அதிபர் ஜெஃபர்சன் கையெழுத்திட்டார். 1811-இல் மேரிலாந்தின் கம்பர்லாந்து ஊரில் தொடங்கிய வேலை, 1818-இல் ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங்கைத் தொட்டது. ஏற்றம் எங்கும் 5 பாகையைத் தாண்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அடிப்படுகைக் கல் 7 அங்குல வளையத்துக்குள் நுழைய வேண்டும், மேற்படுகைக் கல் 3 அங்குல வளையத்துக்குள். அத்தனையும் சுத்தியலால் கையில் உடைத்த கல். இவ்வளவு கறார் பேசியவர்கள், போட்ட சாலையை யார் செலவில் பழுது பார்ப்பது என்பதை மட்டும் தீர்த்துவைக்கவில்லை!

இரும்புப் பட்டை அடித்த சக்கரங்களும் மலை மழையும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே சாலையைக் குதறிவிட்டன. சுங்கம் வசூலித்துச் சரிசெய்யலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மசோதா கொண்டுவந்தது. 1822-இல் அதிபர் மன்றோ அதை வீட்டோ செய்தார். சாலைக்குப் பணம் ஒதுக்கலாம், சுங்கம் வைத்து நிர்வகிக்க அரசியல் சாசனம் இடம் தரவில்லை என்பது அவர் வாதம். சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். குழிகளுக்குச் சட்டம் தெரியாதே. கடைசியில் 1830-களில், சிறு சிறு கல்துண்டுகளைப் பரப்பி இறுக்கும் மெக்காடம் முறையில் செப்பனிட்டு, சாலையை மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். அடுத்த இருபதாண்டுக்குள் ரயில் வந்து வண்டிப் போக்குவரத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பாலம் மட்டும் அசரவில்லை. கல்வளைவு தன் எடையாலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும், நம் அலட்சியத்தை நெடுநாள் தாங்கும். கால்வாய் வரும், படகு போகவேண்டும் என்ற கணக்கில்தான் அதை அவ்வளவு உயரமாக எழுப்பினார்கள் என்பார்கள். கால்வாய் கம்பர்லாந்தோடு நின்றது, ஒரு படகும் வரவில்லை. குதிரை வண்டிக்குக் கட்டிய பாலம் 1933 வரை மோட்டார் வண்டிகளையும் சுமந்தது. பக்கத்தில் இரும்புப் பாலம் வந்தபின்தான் ஓய்வு. 1964-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. அந்தச் சாலையின் நினைவாக எல்லோரும் போய்ப் பார்ப்பது இதைத்தான்.

என்னைக் கேட்டால், கம்பர்லாந்துக்குப் பக்கத்தில் லாவேலில் இன்றும் நிற்கும், சாலை மாநிலத்தின் கைக்கு வந்தபின் சுங்கம் வசூலித்த பழைய சுங்கச்சாவடிக் கட்டடத்துக்குத்தான் முதலில் போகச் சொல்வேன். அந்தச் சாலையின் கட்டண விதியைப் பாருங்கள். குறுகிய சக்கரம் சாலையை அறுக்கும் என்பதால் அதற்குக் கூடுதல் சுங்கம். அகலமான சக்கரம் கல்லை அழுத்திக் கெட்டிப்படுத்தும், ஆகவே அதற்குச் சலுகை.