ஓட்டையைப் பதுக்கி வைத்தவர்கள்

2017 மே 13, சனிக்கிழமை. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற புரோகிராம் முந்தைய நாள்தான் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியிருந்தது. விடிவதற்குள் மேனேஜரிடமிருந்து போன்: "முதல்ல போய் எல்லா நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குப்பா." அன்று நள்ளிரவு வரை ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து பேட்ச், அதாவது மென்பொருளில் உள்ள ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட்டோம். பில்லிங் கவுண்ட்டரில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய கிழட்டுப் பெட்டி ஒன்று மட்டும் எங்களைப் படாதபாடு படுத்தியது. மற்றதற்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே பேட்ச் கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் விட்டது எங்கள் சோம்பேறித்தனம்தான்.

சரி, வானாக்ரை நுழைந்த அந்த ஓட்டை யார் கைவசம் இருந்தது? அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏவிடம். விண்டோஸில் இருந்த குறையைக் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்ட்டிடம் மூச்சு விடாமல், எடர்னல்புளூ என்று பெயர் சூட்டி ஆயுதமாக வைத்திருந்தார்கள். அது களவு போய், ஏப்ரலில் இணையத்துக்கே வந்துவிட்டது. மே மாதம் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஜூனில் உக்ரைனைக் குறிவைத்து ஏவிய நாட்பெட்யா என்ற நாசகாரப் புரோகிராமும் இதே கருவியைப் பயன்படுத்தியது. மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தில் மெர்ஸ்க் என்ற கப்பல் குழுமத்தின் முனையம் முடங்கியது.

இணையத் தாக்குதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் ஸ்டக்ஸ்நெட் என்ற புரோகிராம், யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்கள் ஏறக்குறைய ஆயிரத்தைக் கெடுத்தது. குண்டு போட்டிருந்தால் உயிர்கள் போயிருக்கும். ஆனால் வெடித்த குண்டை யாரும் பொறுக்கி எடுத்துத் திரும்ப வீச முடியாது. புரோகிராமை வீசலாம். அந்த ஸ்டக்ஸ்நெட்டே நதான்ஸோடு நிற்காமல் இந்தியக் கம்ப்யூட்டர்கள் வரை வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட ஆயுதத்தை யார், எப்போது எடுக்கலாம் என்ற விதியும் ரகசியம். 2012 அக்டோபரில் ஒபாமா கையெழுத்திட்ட உத்தரவில் என்ன இருக்கிறது என்பது, அடுத்த வருடம் என்எஸ்ஏவின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் அதை எடுத்து வெளியே போட்டதால்தான் ஊருக்குத் தெரிந்தது. 2018-இல் டிரம்ப் அதைத் தூக்கிவிட்டு ராணுவத்தின் கையை இன்னும் அவிழ்த்துவிட்டார். அந்தப் புது உத்தரவைக் கண்ணால் பார்க்க அமெரிக்க நாடாளுமன்றமே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அணுகுண்டு விஷயத்திலாவது எத்தனை இருக்கலாம், யார் பொத்தானை அழுத்தலாம் என்று பல பத்தாண்டுகள் பொதுவெளியில் சண்டை போட்டார்கள்.

வானாக்ரை, நாட்பெட்யா எல்லாம் நடந்து முடிந்த அப்புறம், 2017 நவம்பரில், கண்டுபிடித்த ஓட்டையைக் கம்பெனிக்குச் சொல்வதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் குழுவின் விதிகளை வெள்ளை மாளிகை வெளியிட்டது. நல்ல காரியம். பட்டியலை எடுத்துப் படித்தேன். சிஐஏ இருக்கிறது, பென்டகன் இருக்கிறது, நிதித்துறை, எரிசக்தித்துறை, வணிகத்துறைகூட இருக்கின்றன. சுகாதாரத்துறையின் பெயரைக் காணோம்.