எரிக்கிற பையும் ஏமாற்றுகிற பையும்

என் தோழி ஒருத்தி ரொம்ப நாள் ஆசைப்பட்டு, ஏற்கெனவே கைமாறிய ஆடம்பரக் கைப்பை ஒன்றை வாங்கினாள். "அசலா போலியா, பாரு" என்று என்னிடம் நீட்டினாள். தையல் ஒரே சீர். ஜிப் சிக்காமல் ஓடியது. உள்ளே தோலில் பதித்த பெயர் மட்டும், நகத்தால் தடவியபோது ஆழம் போதாததுபோல் பட்டது. அதை வைத்து என்ன சொல்ல? கூட வந்த அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அரை மணி நேரம் புரட்டிவிட்டு, தெரியவில்லை என்றேன்.

அதிலிருந்து, விற்காத சரக்கு மலிவாக வெளியே போனால் பெயர் கெடும், போலிக்கும் வழி திறக்கும், அதனால் அதை அழிப்பதுதான் பிராண்டுக்குக் காவல் என்று யார் சொன்னாலும் கோபம் வருகிறது. ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருட்களை அழித்ததாக பிரிட்டிஷ் ஆடம்பர நிறுவனமான பர்பெரியே 2018 ஆண்டறிக்கையில் எழுதியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்த செப்டம்பரில் எரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2021இல் கத்தியால் கிழித்து வீசப்பட்ட, கோச் என்ற அமெரிக்க பிராண்டின் பைகளின் வீடியோ பரவியது. கிழிசலைத் தவிர அவற்றுக்குப் பெரிய குறை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்தது.

சரி, இத்தனை அழித்து போலி குறைந்ததா? போலி செய்கிறவர் மிச்சச் சரக்குக்காகக் காத்திருப்பதில்லை, புதிதாகவே தைக்கிறார். லூயி விட்டான் தன் மோனோகிராம் துணியை (பெயரின் முதலெழுத்துகளைக் கோத்த வடிவம் அச்சிட்டது) 1896இல் கொண்டுவந்ததே நகலைத் தடுக்கத்தான். இன்று போலிப் பைகளில் அதே மோனோகிராம்தான் சிரிக்கிறது. 2021இல் உலக அளவில் போலிச் சரக்கு வணிகம் சுமார் 46,700 கோடி டாலர் என்பது பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் மதிப்பீடு.

தள்ளுபடியில் தள்ளினால் பெயர் கெடும் என்ற பயம் நியாயமானதுதான். முழு விலை கொடுத்தவருக்கு வலிக்கும். அதற்கு அளவாகத் தயாரிக்க வேண்டும். மிஞ்சியதைப் பிரித்து, தோலையும் உலோகத்தையும் திரும்பப் பயன்படுத்த வேண்டும். பிரான்ஸ் 2022 முதலே விற்காத பொருட்களை அழிக்கத் தடை போட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய நிறுவனங்கள் விற்காத ஆடை, காலணிகளை அழிக்க 2026 ஜூலை 19 முதல் தடை. (பிடிபட்ட போலிகளை அழிப்பது வேறு விஷயம், அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.)

போலியைத் தடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு பொருளுக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். லூயி விட்டானின் தாய் நிறுவனமான எல்விஎம்ஹெச், பிராடா, கார்ட்டியே ஆகியவை 2021இல் சேர்ந்து தொடங்கிய ஆரா என்ற கூட்டமைப்பு அந்த வழியில்தான் போகிறது. பொருள் எங்கே பிறந்தது, யாரிடம் போனது என்பது பிளாக்செயினில், அதாவது எளிதில் திருத்த முடியாத டிஜிட்டல் பதிவேட்டில், பதிவாகும். அந்தப் பதிவை இரண்டாவது, மூன்றாவது கையில் வாங்குகிறவரும் பார்க்க வழி செய்ய வேண்டும். ஏமாறுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

தோழி அந்தப் பையை இன்னும் வெளியே எடுத்துப் போகவில்லை. துணி உறையோடு அலமாரியில் இருக்கிறது.