பன்னி சௌவில் முயலும் இல்லை, பன்றியும் இல்லை

தென்னாப்பிரிக்காவிலுள்ள எங்கள் டர்பன் நகரத்து உணவான ‘பன்னி சௌ’ முயல் கறியால் ஆனது என்றும், இல்லை, பெயரே சொல்வதுபோல் அது பன்றிக்கறிதான் என்றும் இருவேறு செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகின்றன. இரண்டும் தவறு. முன்னது ‘பன்னி’ என்றால் முயல் எனக் கேட்கும் ஆங்கிலக் காதுக்கும், பின்னது நம் பேச்சுத்தமிழ்க் காதுக்கும் நேர்ந்த மயக்கம்.

அறுக்காத வெள்ளை ரொட்டியில் கால் பங்கையோ பாதியையோ எடுத்து, நடுவிலுள்ள மென்பகுதியைத் தோண்டி, அக்குழியில் ஆட்டுக்கறி, கோழி அல்லது பீன்ஸ் விதைக் குழம்பை நிரப்பி, தோண்டிய துண்டையே மூடியாக வைத்துத் தருவதுதான் பன்னி சௌ. துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த சம்பல் பக்கத்தில் இருக்கும். கரண்டி கிடையாது, மூடியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தொடங்க வேண்டும். ‘குவார்ட்டர் மட்டன்’ என்று கேட்டால் கால் ரொட்டி வருமே தவிர, கால் கிலோ கறி வராது.

குஜராத்தி வணிகரைக் குறித்த ‘பனியா’ என்னும் சொல்லே ‘பன்னி’ எனத் திரிந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ‘சௌ’ என்றால் இங்கே பேச்சு வழக்கில் சாப்பாடு. அவ்வணிகர்களுள் பலர் புலால் உண்ணாதவர்கள் என்பதால் முயல் கதை இன்னும் வேடிக்கையாகிறது. 1860இல் இந்தியத் தொழிலாளர்களை இங்கே ஏற்றி வந்த கப்பலிலேயே இவ்வுணவும் வந்தது என்பாரும் உண்டு. ஆனால் இது 20ஆம் நூற்றாண்டில் டர்பனிலேயே உருவானது.