உயிரோட திரும்பி வந்தவன யாரு பாக்கறது?

மூணு நாளா அந்த வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. எதுன்னு உங்களுக்கே தெரியும், லிங்க் போட்டு நானும் அதுக்கு வியூஸ் ஏத்த விரும்பல. தீய அணைச்சு முடிச்சுட்டு வண்டியோட பின்படில உக்காந்து, ஹெல்மெட்ட மடில வச்சுக்கிட்டு, பேர சொல்லி கூப்பிட்டாலும் திரும்பாம இருக்காரே ஒரு தீயணைப்பு வீரர், அது. கீழ எழுதியிருக்கறத படிச்சீங்களா? "சம்பளம் வாங்குறல்ல, எந்திரிச்சு வேலைய பாரு." "இதுக்கே இப்டி உக்காந்தா எப்டி." அதுக்கு சிரிப்பு ஸ்மைலி போட்டவங்கள்ல நாலு பேரு என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்காங்க. எங்க வீட்டு கல்யாணத்துக்கு வந்து சாப்டவங்க. அந்த நாலு பேர பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னுதான். செத்தவருக்கு மாலை போடறோம். உயிரோட திரும்பி வந்தவன யாரும் பாக்கறதில்ல.

ஏப்ரல் 14 நமக்கு சித்திரை ஒன்னு, வடை பாயாசம், லீவு. ஃபயர் ஸ்டேஷன்ல அன்னிக்கு நீத்தார் நினைவு நாள். 1944ல பம்பாய் துறைமுகத்துல வெடிமருந்து ஏத்திக்கிட்டு நின்ன கப்பல் வெடிச்சு 66 தீயணைப்பு வீரர்கள் செத்த நாள் அது. மலர் வளையம் வச்சு சல்யூட் அடிப்பாங்க. அது நடக்கணும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா சல்யூட் அடிச்சுட்டு நிக்கறாங்களே அந்த வரிசை, அதுல எத்தனை பேரு ராத்திரி தூக்கம் இல்லாம கெடக்கறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?

2017 ஜூலைல நடந்த கொடுங்கையூர் பேக்கரி தீய எங்க ஏரியால யாரும் மறக்க மாட்டாங்க. ராத்திரில சிலிண்டர் வெடிச்சு ஒரு வீரர் செத்துட்டாரு, ரோட்ல நின்ன ஜனம் எத்தனையோ பேரு வெந்து போனாங்க. செத்தவரு பேரு பேப்பர்ல வந்துச்சு, வரணும். அவரு கூட போயிட்டு அவரு இல்லாம ஸ்டேஷனுக்கு திரும்பி வந்தவங்களுக்கு அடுத்த ஃபயர் கால் எப்ப வந்திருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? 2019ல குழந்தை சுஜித் விழுந்த நடுக்காட்டுப்பட்டி ஆழ்துளைக் கிணறு. தீபாவளி நேரத்துல நாலு நாளு டிவி முன்னாடி உக்காந்து அழுதோம், அப்புறம் டிவிய ஆஃப் பண்ணிட்டு தூங்க போயிட்டோம். அந்த குழி பக்கத்துலயே நின்னவங்க எத ஆஃப் பண்ணுவாங்க?

எங்கண்ணனும் ஃபயர் சர்வீஸ்தான், என்னை தெரிஞ்சவங்களுக்கு தெரியும். இத எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டேன், எழுதிக்கம்மான்னான். ஒரு குடிசை தீ. எந்த எடம்னு போட மாட்டேன், அந்த குடும்பம் இன்னும் இங்கதான் இருக்கு. உள்ள ஒரு சின்ன பொண்ணு. இவன்தான் தூக்கிட்டு வந்தான், புள்ள பொழைக்கல. வீட்டுக்கு வந்தான், குளிச்சான், சோறு வேணாம்னான், படுத்துட்டான்.

ஒரு வாரம் கழிச்சு எங்க பாப்பாவோட வெள்ளி கொலுசு காணோம். அவன்தான் எடுத்தான்னு தெரிஞ்சு போச்சு, ஆனா எங்கன்னு கேட்டா வாயே தொறக்கல. குடிக்கறதுக்கு சேட்டு கடைல வச்சுட்டான்னு அண்ணி அழுதாங்க. நானும் போன் போட்டு, "பெத்த பொண்ணு கால்ல இருந்து கழட்டிக்கினு போயிருக்கியே, வெக்கமா இல்லியா உனக்கு"ன்னு கேட்டேன். அப்பவும் ஒரு வார்த்தை பேசல. மாசக் கடைசில அரிசி அளக்க அண்ணி ட்ரம்முக்குள்ள கைய விட்டா அடில கொலுசு ரெண்டும் இருக்கு. மணிக்குள்ள எல்லாம் நொய் ஏறி அடைச்சுக்கிச்சு, ஆட்டினா சத்தமே வரல.

அப்பதான் சொன்னான். அந்த பொண்ணு கால்லயும் கொலுசு இருந்துச்சாம். தூக்கிட்டு ஓடி வரும்போது இவன் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அது சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சாம். பாப்பா வீட்ல நடந்தா அந்த சந்து கண்ணு முன்னாடி வந்துடுதாம்.

அவன் ஆபீசர் நல்ல மனுஷன், கூப்பிட்டு ஒரு நாள் லீவு குடுத்து அனுப்புனாரு. அவருக்கு தெரிஞ்சது அதான், அவர நான் குறை சொல்லல. ஒரு ஃபயர் கால் போயிட்டு ஸ்டேஷன் வந்தா வண்டில தண்ணி ரொப்பணும், ஹோஸ கழுவி காயப்போடணும், மூச்சு சிலிண்டர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு பாக்கணும். எல்லாத்தையும் அடுத்த காலுக்கு ரெடி பண்ணிடுவாங்க. அந்த ஹோஸ புடிச்சவன் ரெடியா இருக்கானான்னு பாக்கறதும் அந்த மாதிரி ஒரு வேலையா இருக்கணும், யாரோ ஒருத்தர் நல்ல மனசுக்கு விட்டுட கூடாது. இவ்ளோதான் நான் கேக்கறது.

"தெரிஞ்சுதான வந்தாங்க இந்த வேலைக்கு"ன்னு வருவீங்க. வந்தாங்க. தீக்குள்ள போறேன்னு வந்தாங்க. செத்த புள்ளய தூக்கிட்டு வந்து மறுநாளு ஒன்னும் ஆகாத மாதிரி இருக்கேன்னு யாரு எழுதி குடுத்தது?

"எங்க வரிப்பணம்"னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல எனக்கு தெம்பு இல்ல.

இன்னொன்னு சொல்வாங்க, கவுன்சிலிங்னு உக்கார வச்சு நோண்டினா இன்னும் மோசமாயிடும்னு. அதுல உண்மை இருக்கு. சம்பவம் நடந்த கையோட எல்லாரையும் உக்கார வச்சு, என்ன பாத்தே சொல்லுன்னு கட்டாயப்படுத்தற முறைய ஆராய்ச்சி பண்ணி பாத்து, அதனால பலன் இல்ல, சில பேருக்கு கெடுதல்னே சொல்லிட்டாங்க. முதல் சில வாரம் தூக்கம் வராம, திடுக்குனு முழிச்சுக்கறது நெறைய பேருக்கு வந்து அதுவா சரியாயிடும். ஒரு மாசம் தாண்டியும் விடலன்னாதான் டாக்டர் வேணும். அப்ப அந்த ஒரு மாசம் பக்கத்துல இருந்து கவனிக்க ஆளு வேணும்ல? நாங்க கவனிச்சோம், குடிகாரன்னு கவனிச்சோம்.

டாக்டர்னு சொன்ன ஒடனே நம்மூர்ல வர்ற வார்த்தை கீழ்ப்பாக்கம். 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி, எத்தனை லட்சம் ஜனத்த பாத்திருக்கும், நாம அத ஒரு வசவு வார்த்தையா வச்சிருக்கோம். "இன்னாடா, கீழ்ப்பாக்கம் கேசா நீ"ன்னு கேட்டுடுவாங்கன்னு பயந்துதான் எங்கண்ணன் 14416 நம்பர ரெண்டு மாசம் போன்ல வச்சுக்கிட்டு அடிக்காம இருந்தான். 2022ல ஆரம்பிச்ச டெலி மனஸ்ங்கற மனநல உதவி நம்பர் அது, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். வேலைக்கு தெரிஞ்சுடும்னு வேற பயம். சிகிச்சை விஷயத்த ரகசியமா வைக்கறது நோயாளியோட உரிமைன்னு 2017 மனநல சட்டத்துலயே இருக்கு, அத அவனுக்கு யாரும் சொல்லல, எனக்கும் தெரியாது. போலீசுக்கு 2018ல பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி கூட சேந்து நிறைவாழ்வு பயிற்சின்னு நடத்துனாங்க, குடும்பத்தையும் சேத்து. அந்த மாதிரி ஒன்னு முன்னாடியே எங்க வீட்டு வாசலுக்கு வந்திருந்தா அண்ணி அந்த ஒரு மாசம் அவன்கிட்ட வேற மாதிரி பேசியிருப்பாங்க. நானும் பேசியிருப்பேன்.

"எங்கப்பா காலத்துல கவுன்சிலிங் இருந்துச்சா, நல்லாத்தான இருந்தாங்க"ன்னு கேக்கறவங்களுக்கு. எங்க நைனா கப்பல்ல சரக்கு எறக்கற வேலை. கூட வேலை பாத்தவரு மேல லோடு விழுந்தத பக்கத்துல நின்னு பாத்தவரு. மறுநாளு அதே எடத்துல நின்னாரு. அன்னிலருந்து சாவற வரைக்கும் குடி. காசிமேட்டு பக்கம் எங்கியாவது விழுந்து கெடப்பாரு, நானும் அண்ணனும் போயி தூக்கியாருவோம், அப்ப எனக்கு பத்து வயசு இருக்கும். சில நேரம் தூக்கத்துல "ஏய் நவுரு, நவுரு"ன்னு கத்துவாரு. நாங்க போதைல ஒளர்றாருன்னு நெனச்சு சிரிப்போம். சிரிச்சோம். அந்த நாலு பேரு மாதிரியே நானும்தான் சிரிச்சிருக்கேன், அது இந்த கொலுசு விஷயத்துக்கு அப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது, நைனா போயி ஒம்போது வருஷம் ஆச்சு.

அண்ணன் இப்ப டாக்டர்கிட்ட போறான், அண்ணியும் கூட போறாங்க. பாப்பா கொலுசு இன்னும் போடல, அவளும் கேக்கல.

அந்த வீடியோவ ஷேர் பண்ணவங்க தயவு செஞ்சு எடுத்துடுங்க. அந்த மனுஷனுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கும், அதுங்க கையிலயும் போன் இருக்கும்.