0.4 மில்லிமீட்டருக்கு நான்கு சனிக்கிழமை

ஒரு கிளட்சுக்காக நான்கு சனிக்கிழமைகளைத் தொலைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருக்கிறது. யாராவது இப்போது என்னிடம் வந்து "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னால், கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று உறுதி கூற முடியாது.

வண்டி 1967-ஆம் ஆண்டு டிரையம்ஃப் போனவில் மோட்டார் சைக்கிள், 649 சி.சி. அது பிறந்த மெரிடன் தொழிற்சாலை, இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் கவென்ட்ரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 1983-இல் மூடினார்கள், இடித்தார்கள், வீடு கட்டினார்கள். அங்கே ஒரு தெருவுக்குப் போனவில் என்றே பெயர். பெயர்ப்பலகையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்திருக்கிறது. கிளட்சுக்குள் சுழலும் கால் அங்குல ரோலரைத்தான் ஒருவனுக்கும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கிளட்ச் லீவரைப் பிடித்தால் தட்டுகள் பிரிந்து, என்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகாமல் நிற்க வேண்டும். முழுதாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் ஊர்ந்தது. சிக்னலில் நின்றுகொண்டு நியூட்ரல் தேடினால் கிடைக்காது. பின்னால் நிற்கும் காரோட்டி என்னைப் பார்க்கும் பார்வை தனிக்கதை. சரி, தட்டுகள் தேய்ந்திருக்கும் என்று உராய்வுத் தட்டு ஆறு, எஃகுத் தட்டு ஆறு, ஸ்பிரிங் மூன்று, ரப்பர், ரோலர் எல்லாம் அடங்கிய முழுத் தொகுப்பை வாங்கினேன். "அசலைவிட மேலானது" என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுவானாம்.

கிளட்சைக் கழற்றுவதே ஒரு தண்டனை. இடது காலடித் தாங்கி, பிரேக் மிதி, மூடி, ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் இரட்டை வரிசைச் செயினில் இணைப்புக் கண்ணி கிடையாது. ஆகவே என்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தையும் கிளட்சையும் செயினோடு சேர்த்து ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். இரண்டு கை உள்ளவன் செய்கிற வேலையே அல்ல. ஸ்பேனரோ மில்லிமீட்டர் கணக்கில் இருந்தால் ஒன்றும் பொருந்தாது. விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு ஸ்பேனர் வேண்டும். அதில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன். இந்த ஏற்பாட்டை வகுத்த மகானை நான் ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங் நட்டுகளின் கதை கேளுங்கள். தலையில் திருப்புளிக்கு வெட்டு இருக்கிறது, ஆனால் நடுவில் போல்ட் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நல்ல திருப்புளி ஒன்றின் நுனியை நடுவில் அரத்தால் அராவிக் கெடுத்துத்தான் வேலையே தொடங்கும். நட்டின் அடியில் சிறு புடைப்பு இருக்கிறது. அது ஸ்பிரிங்கின் முனையில் மாட்டிக்கொள்ளும், தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. கழற்றும்போது இடுக்கில் கத்தி முனையை நுழைத்து ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். ஆலைக் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. சமையலறைக் கத்தி ஒன்று இப்போது கராஜில்தான் குடியிருக்கிறது. வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை பூட்டினேன். ஊர்ந்தது. இரண்டாம் சனிக்கிழமை எஃகுத் தட்டுகளைக் கண்ணாடிப் பலகை மீது வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன், கோணல் இல்லை. அழுத்துத் தட்டு ஆடாமல் சுற்றுகிறதா என்று லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்து மிதித்து, நட்டுகளைக் கால் சுற்று அரைக்கால் சுற்று என்று சரிசெய்தேன். ஊர்ந்தது. மதுரையிலிருந்து புல்லட் வைத்திருக்கும் தம்பி ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணே, எங்கள் மெக்கானிக் இதை அரை மணி நேரத்தில் ரோட்டோரத்திலேயே முடித்துவிடுவார்." முடிப்பார்தான். அவருக்குச் சரியான உதிரிபாகம் கிடைக்கிறது, முடிப்பார்.

மூன்றாம் வாரம் கிளட்சை மேசை மீது பிரித்துப் போட்டேன். கிளட்சின் பல்சக்கரம், கியர்பாக்ஸைச் சுழற்றும் மையக் குடத்தின் மேல் இருபது சிறு ரோலர்களில் சுழல்கிறது. கிரீஸ் தடவி ஒட்டவைத்தாலும் மேலே தூக்கியதும் மழைபோல் கொட்டும். பொறுக்கி எண்ணினால் இருபத்தொன்று. முன்னே இந்த வண்டியை வைத்திருந்த யாரோ தொலைத்ததும் சேர்ந்து வந்திருக்கிறது. அந்தப் பழையதை விளக்கில் பார்த்தபோதுதான் உறைத்தது, அது மட்டும் குட்டையாக இருந்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். பழையது 5.95 மில்லிமீட்டர் நீளம். புதியது 6.35.

அதாவது, கால் அங்குல விட்டமுள்ள ரோலருக்கு நீளம் 15/64 அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்குக் கால் அங்குலம் என்று சந்தையில் மலிவாகக் கிடைப்பதை அள்ளிப் போட்டு விற்றிருக்கிறார்கள். ரோலர் வரிசை குடத்தின் விளிம்புக்கும் தாங்கு வளையத்துக்கும் நடுவில் உட்காருகிறது. கையால் குடத்தின் நடு நட்டை முடுக்கும்வரை பல்சக்கரம் பம்பரமாகச் சுற்றும். 50 பவுண்டு-அடி முறுக்குவிசைக்கு முறுக்கியதும் விளிம்பும் வளையமும் ரோலர்களை இரு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தட்டுகள் பிரிந்தால் என்ன, பிரியாவிட்டால் என்ன, பல்சக்கரம் குடத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். நான் மூன்று வாரமாகத் தட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம் அது.

விற்றவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இதே தொகுப்பைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை" என்றார். குறை சொல்லாதவர்கள் எல்லாரும் இப்போதும் எங்கோ ஒரு சிக்னலில் நியூட்ரல் தேடிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வேறிடத்தில் சரியான நீளத்தில் இருபது வாங்கி, நான்காம் சனிக்கிழமை பூட்டினேன். குடத்துக்குள் அதிர்வு தாங்கும் ரப்பர்களைத் திணிப்பதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. பெரியது மூன்றை உள்ளே தள்ளிவிட்டுச் சிறியது மூன்றுக்கு இடம் பண்ண, பழைய தட்டில் இரும்புக் கம்பியைப் பற்றவைத்து நெம்பினேன், கட்டைவிரல் தோல் போயிற்று, அவ்வளவுதான். எண்ணெய் 350 மில்லி ஊற்றி, கிக்கரை மிதித்து, லீவரைப் பிடித்தேன். ஊரவில்லை. நியூட்ரல் காலின் நுனிக்கே வந்தது.

நேற்று விற்றவரிடமிருந்து கடிதம் வந்தது. ரோலர்களைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவாராம். ஒரே ஒரு நிபந்தனை, பாக்கெட் பிரிக்காமல் இருக்க வேண்டுமாம். பிரிக்காமல் எப்படி ஐயா அளப்பது?