ரேம் ஏறிவிடும், இறங்குமா?

‘மெய்நிகர் கணினிக்கு ரேமை ஓடும்போதே கூட்டலாம், குறைக்கலாம்’ என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கூட்டுவது சுலபம், வில்லங்கமெல்லாம் குறைப்பதில்தான்.

நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றில் சம்பளக் கணக்கும் செம்பனைக் குலை எடைக் கணக்கும் ஒரே சர்வரில், மென்பொருளால் உருவாக்கிய இரு மெய்நிகர் கணினிகளில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் சம்பளக் கணக்குக் கணினிக்கு 4 ஜிபி ஏற்றி, பிறகு திரும்ப எடுக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் புது ரேமைத் துண்டு துண்டாகத்தான் நிர்வகிக்கும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு துண்டு பெரும்பாலும் 128 எம்பி. ஏற்றியும், ரேம் அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையில் தெரியாவிட்டால், துண்டுகள் ஆஃப்லைனில் (பயன்பாட்டுக்கு வராமல்) கிடக்கின்றன என்று பொருள். கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு துண்டுக்கும் ‘ஸ்டேட்’ என்ற கோப்பு உண்டு. அதில் வெறும் ‘ஆன்லைன்’ என்று எழுதாமல் ‘ஆன்லைன்_மூவபிள்’ என்று எழுதுங்கள், நகர்த்தக்கூடிய தரவுக்கான பகுதியில் துண்டு சேரும். வெறும் ‘ஆன்லைன்’ என்றால் அது நார்மல் ஸோன் என்ற பொதுப் பகுதிக்குள் போய்விடலாம். அப்படிப் போன துண்டில் கெர்னல் தன் சொந்தத் தரவை வைத்துவிடும். அதை நகர்த்த முடியாது. அப்படி ஒரே ஒரு 4 கேபி பக்கம் (கெர்னல் ரேமைப் பிரிக்கும் சிறு அலகு) மாட்டினாலும் முழுத் துண்டும் இறங்காது. இனி ஏறும் துண்டுகளுக்கான ‘ஆட்டோ_ஆன்லைன்_பிளாக்ஸ்’ கோப்பிலும் முன்கூட்டியே இதையே வையுங்கள். துண்டை எடுக்கலாமா என்று சொல்லும் ‘ரிமூவபிள்’ கோப்பு 1 (எடுக்கலாம்) காட்டுவதை நம்பாதீர்கள், புதிய கெர்னல்களில் அது வெறும் சடங்கு.

அதற்காக எல்லாவற்றையும் மூவபிள் ஆக்கிவிடவும் கூடாது. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட் கணக்கு வைக்கிறது. 4 ஜிபிக்கு 64 எம்பி, அதுவும் வழக்கமாகப் பழைய ரேமிலிருந்து. மூவபிள் பகுதி மற்றதைப்போல் 3 மடங்கைத் தாண்டினால் கவனம்: ரேம் மிச்சமிருக்கும்போதே ஓஓஎம் (நினைவகம் தீர்ந்தால் புரோகிராமை நிறுத்தும் ஏற்பாடு) வந்து சம்பள புரோகிராமைக் கொன்றுவிடலாம்.

புதிதாக அமைப்பவர்கள் விர்ட்டியோ-மெம் பாருங்கள், மெய்நிகர் கணினியின் ரேமைக் கூட்டிக் குறைக்கவே உள்ள வசதி அது, கெர்னல் 5.8 முதல் இருக்கிறது.